செல்லையா உள்ளே இருக்கிறார்

சேர்வரில் புதுச் சிஸ்டம் ஏறி முடிந்ததும் திரையில் வீட்டாரின் பெயர்கள் வந்து நின்றன. தியாகராசா, கௌரி, கனடாவில் இருக்கும் மகன், கடைசியில் செல்லையா. அந்தக் கடைசிப் பெயருக்குக் கீழே, இன்று பிற்பகல் உள்ளே வந்தவர் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

செல்லையா தியாகராசாவின் அப்பா. செத்து மூன்று வருடம்.

"கௌரி, இஞ்ச ஒருக்கா வாரும்."

கௌரி வந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. "பழைய கணக்குத்தானே, விடுங்கோ," என்று திரும்பிவிட்டாள். வவுனியாவிலிருந்து வெளிக்கிட்ட தம்பியைப் பற்றித் தகவலே இல்லாமல் இருக்கிறவள். இதையும் சொல்லி அவளைப் பயப்படுத்தக்கூடாது என்று தியாகராசா நினைத்தார்.

கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் பின் அறையில் அந்தச் சேர்வர்ப் பெட்டியை வைத்தவன் மகன். குடும்பப் படங்கள் முழுக்க அதற்குள். பாட்டாவும் பார்க்கட்டும் என்று செல்லையாவுக்கும் ஒரு கணக்குத் திறந்திருந்தான். பழைய சிஸ்டம் யார் வந்தார், யார் போனார் என்று வாயே திறக்காது. புதியது கோள் சொல்லும் சாதி.

சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்த கடைக்கார ஷிப்லி தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். "பாஸ்வேர்ட் ஒண்டு போடுங்க சேர், எல்லாம் சரியாயிடும்."

தியாகராசா ஊரில் அப்பா வளர்த்த பசுவின் பெயரைப் போட்டார். மயிலி. கௌரியைத் தவிர வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. மறுநாள் வேலை முடிந்து கந்தோரால் வந்து பார்த்தால், செல்லையா அன்றும் வந்து போயிருந்தார்.

மயிலியை மறக்காத மனிதர் என்று நினைத்தபோது அவருக்கு முதுகு சில்லிட்டது.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு கணக்கையே அழித்தார். அதோடு கலியாணப் படங்கள், மகனின் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் சேர்ந்து காணாமல் போயின. ஷிப்லி ஓடி வந்து, படங்களெல்லாம் பெரியவரின் பெயரில்தான் கிடந்தன என்று ஏசி ஏசி மீட்டுக் கொடுத்தார். செல்லையாவும் திரும்பி வந்தார்.

இனி நேரே கேட்பதுதான் வழி. தியாகராசா அந்தக் கணக்கில் ஒரு வரி எழுதி வைத்தார். அப்பா, நீங்களோ?

மறுநாள் கீழே பதில் இருந்தது. ஓம். தயவுசெய்து இனிமேல் படங்களை அழிக்காதேங்கோ.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். உயிரோடு இருந்தபோது "டேய்" தவிர வேறொன்றும் சொல்லாத அப்பா, அங்கே போய் மரியாதை பழகியிருக்கிறார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து சமைக்க வரும் றோஸியிடம் சொல்லி, அப்பாவுக்குப் பிடித்தபடி கண்ணீர் வரும் உறைப்பில் கணவாய்க் கறி வைப்பித்தார். சேர்வருக்கு முன்னால் விளக்கேற்றி, சோற்றைக் கோப்பையில் படைத்து, முறைப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியில் காத்திருந்தார். திறந்தபோது கோப்பை துடைத்த மாதிரி இருந்தது. திரையில் புது வரி ஒன்று. உறைப்புக் கூட. குறைச்சால் நல்லது.

செத்தல் மிளகாயை வெறும் வாயில் கடிக்கிற மனிதர் அப்படி எழுதியிருந்தார். தியாகராசா அன்று சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை ஒழுங்கைக்குள் பொலிஸ் ஜீப் வந்தது. வீட்டுக்கு வீடு ஆள் எண்ணினார்கள். பொலிஸ் பதிவில் இல்லாத ஒருவர் அகப்பட்டால் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போகிற காலம். தியாகராசாவுக்குப் பொய் வராது. வாய் எதையாவது மறைத்தால் காது சிவந்துவிடும். ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விஷயம்.

வீட்டில் எத்தனை பேர் என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

நானும் மனைவியும், என்றார் தியாகராசா. காது சூடேறியது. தாங்க முடியாமல், அப்பாவும், என்று சேர்த்தார்.

பதிவில் அவர் இல்லையே?

செத்துவிட்டார்.

இப்போது எங்கே?

பின் அறையில்.

சார்ஜன்ட் துவக்கை நீட்டிக்கொண்டு பின் அறைக்குப் போனார். அங்கே விளக்கு எரிந்தது. பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. செல்லையா உள்ளே இருக்கிறார் என்று திரை சொன்னது. சார்ஜன்ட் கதிரையில் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

"இப்பதான் எழும்பியிருப்பார்," என்றார் தியாகராசா. சொல்லும்போது காது சிவக்கவில்லை.

சார்ஜன்ட் அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தார். எத்தனையோ பொய்யரைப் பார்த்த கண். இந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று அதற்குத் தெரிந்தது. பக்கத்தில் வேலைக்காரர் அறைக்குப் போகும் சின்னக் கதவைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். சாவி துலைந்து கனநாள் என்றாள் கௌரி. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி, விளக்குக்கு ஒரு கும்பிடு போட்டு, மணிக்கட்டில் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூலைத் தடவியபடி வெளியேறினார். அந்தக் கதவை ஒருவரும் தட்டவில்லை.

ஜீப் போன பிறகும் கௌரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தியாகராசாவின் கண் கலங்கியது.

"அப்பாதான் காப்பாத்தினவர். றோஸி, நாளைக்கும் கணவாய் வாங்கி, அதே உறைப்பில வையும்."

றோஸி கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தாள்.

"கணவாய் வைக்கிறன் ஐயா, உறைப்பு மட்டும் வேணாம். அந்தக் கதவுக்கு அங்கால இருக்கிற கௌரியம்மாட தம்பிக்கு வயித்துப்புண் எண்டு உங்களுக்குத் தெரியாதா?"