கடல்நீர்த் தொட்டியும் காட்டேஜ் பிரேயரும்

வீட்டில் மீன் வளர்ப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் முதல் ரகம். அவர்களுக்கு மனம் அமைதியாகும் என்கிறார்கள். மீனை விட்டுவிட்டு, தொட்டி ஓரத்தில் மாட்டியிருக்கும் மீட்டரையே பார்ப்பவர்கள் இரண்டாவது ரகம். அவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் டாடி, மம்மியோடு இருந்தேன். கையில் சம்பளம், தலையில் கர்வம். ஹாலில் டி.வி. இருந்த இடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டியை வைத்தேன். (டி.வி. படுக்கையறைக்குப் போனது. டாடி கொஞ்ச நாள் என்னோடு மம்மி மூலமாகத்தான் பேசினார்.) பெங்களூரில் கடல் இல்லாததால் கடலை நானே பக்கெட்டில் கலக்கினேன். பாறை, பாறைமேல் பவளங்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள்.

“குழம்புக்கும் ஆகாது, வறுக்கவும் ஆகாது. இதுக்கு எதுக்குடா இவ்ளோ கரண்ட்டு?” என்று கேட்ட மம்மிதான் சீக்கிரமே அவற்றுக்குப் பெயர் வைத்தாள். பெரியது மாப்ளை, சின்னது பொண்ணு. (கோமாளி மீன் ஜோடியில் பெரியதுதான் பெண். சொல்லிப் பார்த்தேன். “மெதுவா பேசு, அதுக்குக் கேக்கும்” என்றாள்.)

இந்தக் கதையின் வில்லன் பி.எச். என்கிற ஓர் எண். தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்கிறதா, காரப் பக்கம் சாய்கிறதா என்று அது சொல்லும்; இறங்கினால் புளிப்பு, ஏறினால் காரம். கடல்நீரில் எட்டைத் தாண்டி ஒரு புள்ளி, இரண்டு புள்ளி இருந்தால் பவளங்களுக்கு நிம்மதி. எங்கள் தொட்டியிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் காட்டேஜ் பிரேயர் என்கிற ஜெபக் கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அது இறங்கியது. சபையார் முதல் பாட்டை எடுத்தால் இறங்க ஆரம்பிக்கும். கடைசி ஆள் டீ குடித்துவிட்டுக் கிளம்பியபின் மெல்ல ஏறும்.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மீட்டர் பழுதோ என்று வேறு மீட்டர் வாங்கினேன். அதுவும் இறங்கியது. மம்மி அடிக்கும் ரூம் ஸ்பிரேயைச் சந்தேகித்து ஒளித்து வைத்தேன். பயனில்லை. கீபோர்டின் அதிர்வாக இருக்குமோ என்று அதை வராந்தாவில் வைத்து வாசிக்கச் சொன்னேன். வாசிப்பவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

“பிரேயர் பண்ணா எறங்குதுன்னா உன் தண்ணிலதான்டா ஏதோ இருக்கு. சாத்தான் மாதிரி,” என்றாள் மம்மி.

மீன் கடைக்காரர், எண்ணை ஏற்ற ஒரு பொடி கொடுத்தார். வாயில் நுழையாத ஜெர்மன் பெயர். பிரித்தால் சாட்சாத் சுண்ணாம்பு. தண்ணீரில் கலந்து, அடியில் தங்க விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபைக்குப் புதிதாக வந்திருந்த பாஸ்டர் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். டாடி இஸ்திரி போட்ட சட்டையில் வாசலிலேயே நின்றார். புதுப் பாஸ்டரைப் பார்க்க வழக்கத்தைவிட இரண்டு மடங்குக் கூட்டம். வெளியே மழை. சாரல் அடிக்கிறது, கொசு வருகிறது என்று மம்மி எல்லா ஜன்னல்களையும் மூடினாள்.

பாட்டு ஆரம்பித்தது. எண்ணும் இறங்க ஆரம்பித்தது. இதுவரை போகாத ஆழத்துக்குப் போனது. பிறகு எல்லாரும் கண்ணை மூட, ஜார்ஜ் அங்கிள் ஜெபம் செய்ய எழுந்தார். அவர் எங்கள் குடும்பத்தில் தொடங்கி, தெரு, மாநிலம், தேசம் என்று போய், உலகத் தலைவர்கள் ஒருவரையும் விட்டுவைக்காமல் வேண்டுபவர். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. திரைக்குப் பின்னால் வைத்திருந்த சுண்ணாம்பு ஜக்கை எடுத்தேன். அவர் ஐரோப்பாவில் இருந்தபோது தொட்டியில் சாய்த்தேன்.

சொட்டுச் சொட்டாகத்தான் சாய்த்தேன். அப்போது பார்த்து யாரோ தும்மினார்கள். என் கை நழுவி, அடியில் தங்கியிருந்த மண்டியோடு மொத்த ஜக்கும் உள்ளே போய்விட்டது.

“ஆமென்,” என்றார் ஜார்ஜ் அங்கிள். எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

தொட்டி முழுக்கப் பால் நிறம். மீன் இல்லை, பாறை இல்லை, ஒன்றுமே தெரியவில்லை.

முதலில் பார்த்தவர் மெர்சி ஆன்ட்டி. “ஐயோ, தண்ணி பாலாயிடுச்சு!” என்று எழுந்து நின்று கையைத் தூக்கினார். “ஸ்தோத்திரம்!”

“ஸ்தோத்திரம்!” என்றது பின்வரிசை. ஜார்ஜ் அங்கிள் மறுபடி முழங்காலிட்டார். பாஸ்டர் மட்டும் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் கையில் வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்த ஜக்கைப் பார்த்தார்.

மம்மி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “மாப்ளையக் காணோம். பொண்ணையும் காணோம். என்னடா ஊத்தின?”

“சுண்ணாம்பு, மம்மி.”

“உயிரோட இருக்கிற மீனு மேலயா?”

மம்மி தொட்டிமேல் குனிந்து தேடினாள். அது வரைக்கும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, உள்ளே இரண்டு உயிர் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எண் எட்டரையைத் தாண்டி ஒன்பதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பதில் பவளம் தாங்காது, மீனும் தாங்காது.

அந்த வெள்ளையைப் பார்த்தபடி நின்றேன். எங்கேயோ பார்த்த வெள்ளை. பள்ளிக்கூட ஆய்வகம்! சோதனைக் குழாயில் தெளிந்த சுண்ணாம்பு நீர், அதற்குள் ஒரு ஸ்ட்ரா. ஊதினால் பால் போல மாறும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு இருப்பதால். அந்த வாயு தண்ணீரில் கரைந்தால் புளிப்பு. மூடிய ஜன்னல். ஹால் நிறைய ஆட்கள். அடிவயிற்றிலிருந்து பாட்டு. அதனால்தான் வெள்ளிக்கிழமை!

மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்த சந்தோஷத்தில், எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. “கண்டுபுடிச்சிட்டேன்! எல்லாம் உங்களாலதான்! நீங்க எல்லாரும் மூச்சு விடறதுதான் ப்ராப்ளம்!” என்று கத்தினேன்.

ஹாலில் யாரும் மூச்சு விடவில்லை. டாடி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“அப்ப நாங்க என்ன தம்பி பண்றது?” என்று நிதானமாகக் கேட்டார் பாஸ்டர். “மூச்ச நிறுத்திடலாமா?”

“இல்ல பாஸ்டர், இப்ப நெறைய விடணும்! ஜன்னலத் தொறக்காதீங்க. எல்லாரும் தொட்டிகிட்ட வந்து பாடுங்க. சத்தமா!”

தொட்டியில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி ஒன்று உண்டு. அது ஹாலில் இருக்கும் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடும். இவர்கள் விடும் மூச்சு அதன் வழியாக உள்ளே போனால் எண் இறங்கியே ஆக வேண்டும். அது போதாதென்று, சோடாவிலும் அதே வாயுதானே என்று டாடியை மழையில் பெட்டிக்கடைக்கு விரட்டினேன். அவர் வாங்கி வந்ததை மம்மி சமையலறைக்கு எடுத்துப் போய், ஒரு ஜக்கைக் கொண்டுவந்து தர, மீட்டரில் வைத்த கண்ணை எடுக்காமல் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

பாஸ்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாட்டை எடுத்தார். சபை தொட்டியைச் சுற்றி நின்று பாடியது. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது. மெர்சி ஆன்ட்டி கண்ணாடிக்கு ஒரு முழ தூரத்தில் நின்று உச்சஸ்தாயியில் பாடினார். எண் நின்றது. யோசித்தது. பிறகு இறங்கியது. வெள்ளை மெல்ல அடியில் படிய, பாறை மங்கலாகத் தெரிந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு ஆரஞ்சு மூக்கு எட்டிப் பார்த்தது.

“மாப்ளை!” என்று மம்மி கண்ணாடியில் கையை வைத்தாள். பின்னாலேயே பொண்ணும் வந்தது. பாடிக்கொண்டே எல்லாரும் கை தட்டினார்கள். பவளங்களில் பாதி பிழைக்கவில்லை. அந்தப் பாவம் என் கணக்கு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ஜன்னல்கள் திறந்தே இருக்கும். மீன் பிழைத்தது பாட்டினால் என்று மம்மியும், சோடாவினால் என்று நானும் வருடக்கணக்கில் சண்டை போட்டோம்.

என் கல்யாணத்தில் அதே பாஸ்டர்தான். உடன்படிக்கை சொல்லி முடித்ததும் மைக்கிலேயே, “தம்பி, இப்ப சபையார் மூச்சு விடலாமா?” என்று கேட்டார். கோயிலே சிரித்தது. விஷயம் தெரியாத என் மனைவி விருந்தில் மம்மியைக் கேட்டாள். மம்மி முழுக்கதையையும் சொன்னாள்.

“சோடாவ விட்டுட்டீங்களே மம்மி,” என்றேன்.

“எந்த சோடா? மீனு மேல எவனாவது சோடா ஊத்துவானா? கேன் தண்ணியத்தான் ஜக்குல குடுத்தேன். சோடாவ எலுமிச்சம்பழம் புழிஞ்சு, பாடினவங்களுக்குக் குடுத்துட்டேன்.”

இன்றைக்கும் எங்கள் தொட்டியில் எண் கொஞ்சம் ஏறினால் என் மனைவி எதையும் கலக்க விடுவதில்லை. “போய்ப் பாடு,” என்கிறாள். பாடுகிறேன். மீன்கள் இரண்டும் பாறைக்குப் பின்னால் போய்விடுகின்றன. எண் மட்டும் இறங்குகிறது.