ஆசீர்வாதம் பென்டிங்கில் இருக்கிறது

ஒரு காட்டில், டவர் ஓரளவு கிடைக்கிற பக்கமாக, அபயாம்பாள் என்றொரு யானை இருந்தது. கோயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த யானை. ஆற்றுப் பாதையில் நின்று ஆசீர்வாதம் பண்ணிப் பிழைத்துக்கொண்டிருந்தது. தும்பிக்கையில் காசு வைத்தால் தலையில் ஒரு தட்டு தட்டி, "நல்லாயிரு" என்று சொல்லும். அபயாம்பாள் தொட்ட தலையை அன்றைக்கு முழுக்கச் சிங்கம் தொடக்கூடாது. அது காட்டுச் சட்டம். சிங்கமும், சும்மா சொல்லக்கூடாது, அதற்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தது.

பெரிசுகள் வந்துபோன வரைக்கும் தொல்லையில்லை. அப்புறம் வளர்ந்து வந்ததுகளே இந்தக் காலத்துப் பிள்ளைகள்! தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் ஒரு ரூபாய் விழாது.

"ஆன்ட்டி, கார்டு எடுப்பீங்களா?"

"எதுக்குடா, நாக்கு வழிக்கவா?" என்று அபயாம்பாள் எரிந்து விழுந்தது. ஆனால் வயிறு கேட்குமா? வாழைப்பழத்துக்கு வழியில்லாமல் போனதும் ஒரு கார்டு மிஷினை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. மிஷின் "டிங்" என்றால் தும்பிக்கை மேலே போகவேண்டும். கோயிலில் பழகின உடம்பாயிற்றே, இதையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. காசுக்குத் தூக்குகிற பழக்கம் சுத்தமாக விட்டுப்போயிற்று.

ஒரு நாள் ரித்தீஷ் என்கிற முயல் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தது. பின்னாலேயே சிங்கம். முயல் கார்டை மிஷினில் வைத்தது. மிஷின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆன்ட்டி, சீக்கிரம் தலையில வைங்க!"

"சத்தம் வரலையேப்பா."

"என் காசு போயிடுச்சு ஆன்ட்டி! இதோ மெசேஜ் பாருங்க!"

"உனக்குப் போயிருக்கும் ராசா. எனக்கு வரணுமே."

பக்கத்தில் நின்ற ஆமைக்கு மனசு கேட்கவில்லை. தன்னிடமிருந்த ஒரு ரூபாயை எடுத்துத் தும்பிக்கையில் வைத்தது. அபயாம்பாள் முக்கியது, முனகியது. தும்பிக்கை அசையவில்லை.

"எந்திரிக்க மாட்டேங்குதே! நான் என்னடா பண்ணுவேன்?" என்று அழுதேவிட்டது.

அதற்குள் சிங்கம் வந்து நின்றது. சட்டப்படி கேட்டது: "ஆசீர்வாதம் ஆச்சா?"

"பென்டிங்ல இருக்கு சார்," என்று முயல் நடுங்கியது.

"எப்ப முடியும்?"

"மூணு வேலை நாள்னு போட்டிருக்கு சார்."

"அடடா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை வேற," என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டு, சிங்கம் முயலைத் தின்றது.

அது வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மிஷின் "டிங்" என்றது. தும்பிக்கை தானாக எழுந்தது. ஆமை எப்போதோ ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டதால், எதிரே இருந்த ஒரே தலை சிங்கத்தின் தலைதான். அதில் ஒரு தட்டு தட்டி, "நல்லாயிரு" என்றது அபயாம்பாள், கண்ணைத் துடைத்தபடி. சிங்கம் பவ்யமாகக் குனிந்து வாங்கிக்கொண்டது.

நீதி: கார்டில் கட்டிய பணம் ஒருநாளும் வீண் போகாது, அதனால் யாராவது ஒருவர் நன்றாகத்தான் இருப்பார்.