எடை மெஷின் காணாமல் போன வழக்கு

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். இனி பொறுப்பதில்லை. இந்த வீட்டில் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். நான் வெளியேறுவதென்றால் மனைவியிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆகவே அதைத்தான் தீர்த்துக்கட்டியாக வேண்டும்.

பதறாதீர்கள். நான் சொல்வது எடை பார்க்கும் மெஷினை. அதுவும் சாதாரண மெஷின் இல்லை, பேசும் மெஷின். மருத்துவக் கருவிகள் விற்கும் என் மச்சான், தங்கையின் பிறந்தநாளுக்குப் பாசத்தோடு கொண்டுவந்து இறக்கியது. ஏறி நின்றால் போதும், கணீரென்று ஒரு பெண் குரல் அறிவிக்கும்: "உங்கள் எடை தொண்ணூற்றாறு கிலோ. கவனம் தேவை." வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண் குரல் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது எதற்கு?

நான் ரெடிமேட் கடையில் பேன்ட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். இந்த ஊரின் பாதி இடுப்புகளின் ரகசியம் எனக்குத் தெரியும். டேப் நாற்பத்திரண்டு என்று காட்டினாலும், "உங்களுக்கு இது கச்சிதமா இருக்கும் சார்" என்று மட்டும்தான் சொல்வேன். எண் என் வாயிலிருந்து வராது. அது தொழில் தர்மம். அப்பேர்ப்பட்ட என்னுடைய எண்ணை இந்தத் தகரம் தெருவுக்கே கேட்கும்படி கூவலாமா? ஒருநாள் எதிர் வீட்டம்மா கதவைத் திறந்து, "அண்ணே, போன வாரம் தொண்ணூத்தஞ்சுதானே?" என்று அக்கறையோடு விசாரித்தார். அன்றைக்கு இரவு என் தட்டில் விழுந்ததை எறும்பு பார்த்திருந்தால் எனக்காக அழுதிருக்கும்.

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். நான் மெஷினைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றபோது, லிஃப்ட் மெக்கானிக் எதிரே வந்தார். அவரை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடும். மீதி நாள் ஸ்பேனர் ஓடுவார்.

"என்ன சார், மூஞ்சி தொங்குது?"

சொன்னேன்.

"இவ்வளவுதானா? மொட்டை மாடியில லிஃப்டோட மெஷின் ரூம் இருக்கு. மெஷினோட மெஷினா இதுவும் கிடந்துட்டுப் போகுது. சாவி என்கிட்ட மட்டும்தான்."

"வெளியே தெரிஞ்சுட்டா?"

"லிஃப்ட் நடுவுல நின்னா எத்தனை பேர் என்னைத் திட்டுறாங்க. நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருக்கேனா? என் வாய் அப்படிப்பட்ட வாய் சார்."

பழைய போர்வையில் சுற்றி லிஃப்டில் ஏற்றினோம். கதவு மூடப்போகிற நேரத்தில் கையில் காய்கறிப் பையோடு எதிர் வீட்டம்மா உள்ளே புகுந்தார். "நல்ல வேளை, மொட்டை மாடிக்கா? துணி எடுக்கணும்" என்றார். பை கனம் போலிருக்கிறது. கீழே இருந்த போர்வை மூட்டையின் மேல் அதை வைத்தார். மூட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது: "உங்கள் எடை நான்கு கிலோ. மிகவும் குறைவு."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைப் பார்த்தேன். ஸ்பேனர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்.

"போன்ல ஏதோ விளம்பரம்மா" என்றேன். ஒரு சாட்சி ஆயிற்று.

சாயங்காலம் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கைப்பையை மாட்டினாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். கத்தியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் கத்தவில்லை.

"என்னங்க, மெஷின் எங்க?"

"எந்த மெஷின்?"

"அண்ணன் கொடுத்தது."

"அங்கதானேம்மா இருந்துச்சு?"

"இருந்துச்சு. இப்ப இல்ல. நான் எடுக்கல. நீங்களும் எடுக்கல."

"சேச்சே, நான் எதுக்கு?"

"அதான் சொல்றேன். அப்ப திருட்டுதான்."

உடனே மச்சானுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டாள். மச்சானின் குரல் அந்த மெஷினின் குரலுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. "விடவே கூடாதும்மா! ஞாயித்துக்கிழமை காலையில நான் வர்றேன். அதுக்குள்ள கிடைக்கலைன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். எவன் எடுத்தானோ அவன் கையில விலங்கு மாட்டாம நான் ஓயமாட்டேன். மாப்பிள்ளை, நீங்க தைரியமா இருங்க!"

தைரியமா இருக்கிறேன் என்றேன். உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன்.

அன்று பார்த்துத்தானா அவளுடைய வக்கீலுக்குப் பொதுச்சேவை ஞாபகம் வர வேண்டும்? மாநிலத்தின் குற்றவியல் சட்டங்களைப் பற்றி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள், அவற்றுக்கான பதில்கள், என்னென்ன குற்றத்துக்கு என்னென்ன தண்டனை என்று ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறாராம். டைப் அடித்த பக்கங்களைச் சரிபார்க்க வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். நான் சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே அவளும் உட்கார்ந்தாள்.

"நான் படிக்கிறேன். நீங்க கவனமா கேளுங்க. எங்கயாவது தப்பு இருந்தா சொல்லிடுங்க."

"தப்பா? என்ன தப்பு?"

"எழுத்துப் பிழைங்க. வேற என்ன?" கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "கேள்வி: சொந்த வீட்டிலிருந்தே ஒரு பொருளை எடுத்தால் அது திருட்டாகுமா?"

வாயில் போட்டது பாதி வழியில் நின்றுவிட்டது.

"பதில்: வீடு யாருடையது என்பது கேள்வியில்லை. பொருள் யாருடையது என்பதே கேள்வி. மனைவிக்கு வந்த பரிசு மனைவியின் சொத்து. தப்பு இருக்கா?"

"இ... இல்ல."

"கேள்வி: எடுத்த பொருளை யாருக்கும் தெரியாமல் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டால்?"

ஆகா, நல்ல கேள்வி. நான் தட்டின் மேலேயே சாய்ந்தேன். அவள் படிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒரு முழு டம்ளர். இவ்வளவு மெதுவாகத் தண்ணீர் குடிக்கிறவளை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"பதில் என்னம்மா?"

"உங்களுக்கு எதுக்கு அவசரம்? பதில்: நடந்த குற்றம் நடந்ததுதான். தண்டனை குறையலாம், குற்றம் மறையாது."

"தண்டனைன்னா... அபராதம் மாதிரியா?"

"அதான் அடுத்த கேள்வி. அபராதமா, ஜெயிலா, ரெண்டுமாங்கறது மாநிலத்துக்கு மாநிலம் மாறுமாம்."

"நம்ம மாநிலத்துல?"

"ரெண்டும்."

"பக்கத்து மாநிலத்துல?"

"ஏங்க, அங்க போகப்போறீங்களா?"

"சும்மா, பொது அறிவுக்கு."

"அங்க கடுங்காவல். நாள் பூரா வேலை வாங்குவாங்களாம். சாப்பாடும் அளவாத்தான்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "எடை நல்லா குறையும்."

இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? தெரியாவிட்டால் ஏன் இப்படிப் பார்க்கிறாள்? கல்யாணமான நாளிலிருந்து அவள் மனதை எடைபோட முயல்கிறேன். முள் இன்றுவரை அசைந்ததில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் சாப்பாட்டு நேரத்தில் இதே விசாரணை நடந்தது. பொய் சொன்னால் என்ன, மறைத்தால் என்ன, ஓடிப்போனால் என்ன என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். கடையில் ஒருவருக்கு அளவெடுக்கும்போது ஜெயில் ஞாபகத்தில் டேப்பை அவர் கழுத்தில் சுற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணிந்துவிட்டேன். மச்சான் வருவதற்குள் மெஷினைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளிவிட வேண்டும். "இங்கதான் இருந்திருக்கு, நாமதான் சரியா தேடல" என்று சொல்லிவிட வேண்டும். குற்றம் மறையாவிட்டாலும் பரவாயில்லை, மச்சான் கண்ணுக்கு மறைந்தால் போதும். குப்பை கொட்டப்போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறி மொட்டை மாடிக்குப் போனேன். மெஷின் ரூம் வாசலில் ஸ்பேனர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒளியே இல்லை.

"ஸ்பேனர், மெஷினை எடுங்க. சீக்கிரம்!"

"முடியாது சார். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வச்சிருந்தா அதுவும் குற்றமாம். எனக்கும் பொண்டாட்டி இருக்கு."

"அதனாலதான் சொல்றேன், கொடுங்க, கொண்டுபோயிடறேன்!"

"வேணாம் சார். நான் அப்ரூவர் ஆயிடலாம்னு இருக்கேன்."

"எ... என்னது?"

"ரெண்டு பேர் சேர்ந்து செஞ்ச குற்றத்துல, முதல்ல போய் உண்மையைச் சொல்றவங்களுக்கு மன்னிப்பு கிடைக்கும் சார். ரெண்டாவதா சொல்றவங்க தலையில மொத்தமும் விழும்."

"யார் சொன்னா?"

"பொதுவா பேசிக்கிறாங்க." லிஃப்டுக்குள் போய் நின்றார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். தனிப்பட்ட முறையில உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை." கதவு மூடிக்கொண்டது.

அடுத்த கணம் படிக்கட்டில் இருந்தேன். தொண்ணூற்றாறு கிலோ அப்படி ஓடி அந்தக் கட்டடம் பார்த்திருக்காது. பக்கத்துச் சுவருக்குள் லிஃப்ட் கரகரவென்று இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது எனக்கு ஒரு முழம் முன்னால் போவது போலிருந்தது. ஒரு செருப்பு மூன்றாவது மாடியில் நின்றுவிட்டது. நிற்கட்டும், அதற்குத் தண்டனை கிடையாது. ஜெயில் கம்பி கண்ணுக்கு முன்னால் ஆடியது. இரண்டாவது மாடிக்கு வந்தபோது லிஃப்ட் இன்னும் வந்து சேரவில்லை. ஜெயித்துவிட்டேன்! கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தேன்.

"நான்தான்! நான்தான் எடுத்தேன்! முதல்ல சொன்னது நான்தான், குறிச்சுக்கோ! மெஷின் மொட்டை மாடியில இருக்கு! ஸ்பேனர் அப்புறம் வந்து என்ன சொன்னாலும் அது ரெண்டாவது!"

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். சோபாவில் மச்சான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. கையில் அந்தப் பக்கங்கள்.

கனம் கோர்ட்டார் அவர்களே என்று கைகூப்பாத குறை. கோர்ட்டாரோ என் கனத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்பிள்ளை... நீங்களா?"

மூச்சு வாங்கியதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

"என் தங்கச்சிக்கு நான் ஆசையா வாங்கிக் கொடுத்ததை?"

மறுபடியும் ஆட்டினேன். வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை அண்ணா, விட்டுடு. போலீஸ் எல்லாம் வேண்டாம். என்ன இருந்தாலும் என் புருஷன்" என்றாள். இப்படிப்பட்டவளையா சந்தேகப்பட்டேன்!

மச்சானிடமிருந்து தீர்ப்பு வந்தது. "உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. இனிமே எந்த மெஷினும் வாங்கித் தரமாட்டேன். மாப்பிள்ளை, நாலு மாடி இறங்கினதுக்கே இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு. நாளையிலிருந்து தினமும் விடிகாலையில நான் வாசல்ல வந்து நிப்பேன். ரெண்டு பேரும் ஆத்துப் பாலம் வரைக்கும் நடக்குறோம். போகவும் நடை, வரவும் நடை."

"எத்தனை நாளைக்கு மச்சான்?"

"எடை குறையிற வரைக்கும்."

அவர் போனதும் வாசலில் லிஃப்ட் நிதானமாக வந்து நின்றது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஸ்பேனர் எட்டிப்பார்த்தார். என்னைக் கவனிக்கவில்லை.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே அப்ரூவர் கதையைச் சொல்லிட்டு, லிஃப்டை நடுவுல நிறுத்திக்கிட்டேன். சார் பறந்துட்டார். இனிமே அந்த எடை மெஷினை எடைக்குப் போட்டுடலாமா?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். பார்த்ததும் படிக்கட்டில் இறங்கிக் காணாமல் போனார்.

"அடிப்பாவி!"

"என்ன அடிப்பாவி?" கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை அவளுக்கு. "வாராவாரம் வீடியோ கால் போட்டு, 'ஏறி நில்லும்மா, அண்ணன் கேக்கணும்'னு உயிரை வாங்கினா நான் என்னங்க செய்யறது? அண்ணன் கொடுத்ததை நானே தூக்கிப்போட முடியுமா?"

"அதுக்கு என்னைத் திருட வச்சியா?"

"நான் எங்க வச்சேன்? உங்க நாற்காலி பக்கத்துல நகர்த்தி வச்சேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். வியாழக்கிழமை உங்களைப் பார்த்துட்டுப் போகச் சொல்லி ஸ்பேனர்கிட்ட சொன்னேன். எடுத்தது நீங்கதானே?"

ரத்தம் கொதித்தது. ஆனால் இந்த மூன்று நாளில் நானும் சட்டம் படித்தவன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரியான இடத்தில் பிடித்துவிட்டேன் அவளை.

"சரி, திருடினவனுக்குத் தண்டனை கொடுத்தாச்சு. திருடச் சொல்லித் தூண்டிவிட்டவங்களுக்கு நம்ம மாநிலத்துல என்ன தண்டனை? அதைப் படி பார்ப்போம்!"

அவள் மறுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டிப் பார்த்தாள்.

"அது இதுல இல்லைங்க. இது எல்லாரும் அடிக்கடி கேக்குற கேள்விங்க மட்டும்தான்."