நடக்காமல் நடந்த அறுபது நாள்

என் மனைவி "சரி" என்று சொல்லிவிட்டாள். ஒரே வார்த்தை. மறுபேச்சே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. நான் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையே சரி சொன்னது கிடையாது. ஜன்னலை மூடலாமா என்று கேட்டால் "எதுக்கு?" என்பாள். மழை வருது என்றால் "எங்க?" என்பாள். நான் தொப்பலாக நனைந்து நின்று காட்டிய பிறகுதான் அந்த ஜன்னல் மூடும். அப்படிப்பட்டவள் சரி சொல்கிறாள் என்றால் சும்மாவா?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என்னை அம்போவென்று விட்டுவிட்டு என் மனைவியிடம் பேசினார். "தினமும் ஆறாயிரம் அடி நடக்கணும்மா. இப்படியே உட்கார்ந்துட்டிருந்தா இவர் இதயம் எத்தனை நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

வீடு திரும்பியதும் சட்டம் வந்தது. அறுபது நாள். தினமும் ஆறாயிரம் அடி. நடந்தால் ஹாலை ஒட்டிய சின்ன அறை எனக்கே. நடக்காவிட்டால் அது அவள் அண்ணனுக்கு. மச்சானுக்கு எங்கள் ஊருக்கு மாற்றல்; ஆறு மாதம் எங்களோடுதான் ஜாகை.

அந்த அறை என் உயிர் ஐயா! நான் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். என் மேஜை, என் சுழல் நாற்காலி எல்லாம் அங்கேதான். எல்லாவற்றுக்கும் மேலே, கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள். குளியலறையைத் தவிர்த்தால் இந்த வீட்டில் நான் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே இடம் அதுதான். மச்சானுக்கு விட்டுக்கொடுத்தால் நான் ஹாலில், சோபாவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் குடித்தனம் நடத்த வேண்டும்.

டாக்டர் என் மணிக்கட்டில் அடி எண்ணும் பட்டை ஒன்றைக் கட்டி அனுப்பியிருந்தார். மனைவி சுவரில் காலண்டர் மாட்டி, சிவப்புப் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். சாயங்காலமானால் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பட்டையைப் படிப்பாள். வேறு எதற்காகவும் அவள் என் கையைப் பிடித்துப் பல வருஷமாகிறது.

காலண்டரை ஏமாற்ற முடியாது. ஆகவே காலண்டரையே ஒழிப்பது என்று முடிவு செய்தேன்.

"இந்தக் காலத்துல காலண்டர்ல குறிப்பாங்களா? நான் ஒரு புரோகிராம் எழுதறேன். பட்டையைக் கழட்டி ஹால் கம்ப்யூட்டர்ல சொருகினா போதும். எத்தனை அடின்னு தானா எடுத்து டேட்டாபேஸ்ல போட்டுடும். மனுஷக் கையே படாது."

"டேட்டாபேஸ்னா அதுக்குத் தனியா சர்வர் வேணுமே?"

"அதான் இல்ல! இது புரோகிராமோட வயித்துக்குள்ளேயே உட்கார்ந்துக்கற டேட்டாபேஸ். சர்வரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாம் சேர்த்து ஒரே ஒரு ஃபைல்."

"ஒரே ஃபைலா?"

"ஒரே ஃபைல்."

"பாஸ்வேர்டு?"

"அதுகூடக் கிடையாது!" என்றேன், ஏதோ அது பெருமைப்பட வேண்டிய விஷயம் மாதிரி.

அப்போதுதான் அந்தச் "சரி" வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். புத்தகத்தில் முத்திரை குத்தும் வேலை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினாள். நானும் ஒரு வாரம் விடாமல் "ம்" கொட்டினேன்.

புரோகிராமை ரஸ்ட் மொழியில் எழுதினேன். எங்கே உட்கார்ந்து? மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். எப்போது? சாயங்காலம் நான் நடக்க வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தில்தான். நடையைப் பதியும் புரோகிராமை நடக்காமல் உட்கார்ந்து எழுதியவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ரஸ்ட் லேசுப்பட்ட மொழி அல்ல. எழுதியதை வரிவரியாகச் சோதிக்கும் அதன் கம்பைலர் இருக்கிறதே, அது என் மாமியார் வகையறா. "இந்தப் பொருளை அந்தப் பக்கம் கொடுத்துட்டே இல்ல? அப்புறம் எந்த முகத்தோட திரும்பத் தொடறே?" என்று கேட்கும். தப்பு வந்தால் கண்டும் காணாமல் போக விடாது. "இது நடக்கலேன்னா என்ன செய்வே? எழுது" என்று காதைத் திருகும். அந்த டேட்டாபேஸ் பரமசாது. எஸ்க்யூலைட் என்று பெயர். போட்டதை வைத்துக்கொள்ளும், கேட்டதைக் கொடுக்கும், மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் மாற்றும். இப்படி ஒரு ஜீவன் வீட்டுக்குள் இருப்பதே எனக்குப் புது அனுபவம்.

திட்டம் சுலபமானது. மாடிக்கு ஏறி இறங்கினால் பட்டையில் 212 அடி விழும். மனுஷக் கையே படாது என்று சொல்லியிருந்ததால் அவள் பட்டையைப் படிப்பது நின்றிருந்தது. அவள் கண் முன்னாலேயே சொருகுவேன். 212 பதிவாகும். ஆனால் திரையில் "பதிவாயிற்று, நன்றி" என்று மட்டும்தான் வரும். எண் மறுநாள்தான் தெரியும்படி நான் செய்திருந்தேன். அப்புறம் என் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, என் லேப்டாப்பிலிருந்து ஹால் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, ரகசியக் கட்டளை ஒன்றைத் தட்டினால் 212 என்பது 6,240 ஆகிவிடும். ஹால் கம்ப்யூட்டர் அவளுடையது. நான் கேட்டதும் எனக்கும் ஒரு லாகின் போட்டுக் கொடுத்தாள். அதுவும் முதல் தடவையே!

புரோகிராம் தயாரான நாளிலிருந்துதான் அறுபது நாள் கணக்கு என்று பேச்சு. முதல் நாள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாம் நாள் கட்டளையைத் தட்டினேன். பதில் வந்தது: டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஃபைலில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் எழுத முடியும். பூட்டியிருக்கிறது என்றால் வேறு யாரோ உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கி எட்டிப் பார்த்தேன். அவள் ஹால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்றே?"

"திரைச்சீலை டிசைன் பாக்கறேன். ஏன், உங்க முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"நடந்துட்டு வந்தேன்ல."

"அது ஒரு மணி நேரம் முன்னாடி. இப்ப ஏன் வேர்க்குது?"

கதவைச் சாத்திக்கொண்டேன். திரையில் நிஜமாகவே பூப்போட்ட திரைச்சீலைதான் இருந்தது. முத்திரை குத்துகிறவளுக்கு என் டேட்டாபேஸில் என்ன வேலை? தப்பு என் புரோகிராமில்தான் இருக்கும், எங்கேயோ திறந்ததை மூடாமல் விட்டிருப்பேன் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கம்பைலர்தான் காதைத் திருகிக் கேட்டதே, பூட்டியிருந்தால் என்ன செய்வாய் என்று. "ஐந்து நொடி பொறுத்திருந்து மறுபடி தட்டு" என்று எழுதிக் கொடுத்தேன். வேலை செய்தது. என் சாமர்த்தியத்துக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எதேச்சையாகப் பார்த்தால் ஃபைல் பெருத்திருந்தது. எட்டு கிலோபைட்டாக இருந்தது, பன்னிரண்டு. மூன்று வரி எழுதினால் இவ்வளவு ஏறுமா? உள்ளே என்னென்ன டேபிள், அதாவது அட்டவணை, இருக்கிறது என்று ஒரு வரி தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். தட்டவில்லையே! நான் கட்டிய வீடு, அதில் எத்தனை அறை என்று நானே எண்ணிப் பார்ப்பதா என்ற மிதப்பு. நடக்காதவனின் ஃபைல் பெருக்கத்தானே செய்யும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடினால் சந்தேகம். பாடாவிட்டால் அதைவிடப் பெரிய சந்தேகம். ஒரு நாள் நான் இறங்கி வரும்போது என் முதுகைத் தட்டிவிட்டாள்.

"என்ன?"

"சுண்ணாம்பு."

"நடக்கற வழியில சுவர்ல சாஞ்சிருப்பேன்."

"சரி."

மறுபடியும் சரி!

மேல்வீட்டில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் இருக்கிறார். ஒரு நாள் தொட்டியில் தண்ணீர் பார்க்க வந்தவர், என் தலையைப் பார்த்துவிட்டார்.

"தினமும் இங்கே என்ன சார் பண்றீங்க?"

"நடக்கறேன் சார்."

"உட்கார்ந்துக்கிட்டா?"

"நடுவுல ஒரு ஓய்வு."

"நான் வந்து முக்கால் மணி நேரமாச்சு. செடிக்குத் தண்ணி ஊத்தினேன், கொடி கட்டினேன், காலால கொசுவைக்கூட விரட்டினேன். நீங்க இன்னும் நடுவுலேயேதான் இருக்கீங்க."

"சார், எங்க வீட்ல இதைப் பத்தி..."

"எனக்கு எதுக்கு சார் ஊர் வம்பு? நாற்பது வருஷம் அடுத்தவங்க கடிதாசியைக் கையில வச்சிருந்தவன். ஒண்ணைக்கூடப் பிரிச்சதில்ல."

இவர் நல்லவரா, அவளுடைய ஒற்றரா? மூன்று நாள் தூக்கம் போயிற்று. பாவம், அந்த மனிதர் மூச்சுகூட விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க வெளியே ஒற்றர் தேவையே இல்லை.

எப்படியோ அறுபது நாள் ஓடிற்று. எண்களைச் சும்மா போட்டுவிடவில்லை, கலைநயத்தோடு போட்டேன். ஒரு நாள் 6,118. ஒரு நாள் 6,305. ஞாயிற்றுக்கிழமை 6,011, விடுமுறையில் மனுஷனுக்குக் கொஞ்சம் சோம்பல் இருக்கத்தானே செய்யும்?

அறுபத்தோராம் நாள் காலை மச்சான் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் விசில். அது இல்லாமல் அவரை நான் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

"வாங்க மச்சான், வாங்க!" என்று வாய் நிறைய வரவேற்றேன். "சோபா ரெடியா இருக்கு."

"என்ன மாப்பிள்ளை, அறுபது நாள் நடந்ததாச் சொன்னா, தொப்பை ஒரு சுத்து கூடின மாதிரி இருக்கே?"

"அதெல்லாம் தசை மச்சான்."

ஹால் கம்ப்யூட்டரைத் திறந்து அறிக்கையைக் காட்டினேன். அறுபது வரி. ஒவ்வொன்றும் ஆறாயிரத்துக்கு மேல். "மனுஷக் கை படாத கணக்கு" என்றேன். மச்சான் வாயைப் பிளந்தார். என் மனைவி தலையாட்டினாள்.

"அழகா இருக்குங்க. கொஞ்சம் தள்ளி உட்காருங்க. நான் ஒரு வரி தட்டிக்கறேன்."

தட்டினாள். விரல்கள் கீபோர்டில் போன வேகம் முத்திரை குத்துகிறவளின் வேகம் அல்ல.

திரையில் நான் கட்டாத டேபிள் ஒன்று விரிந்தது. அதன் தலையில் பெயர்: சந்தேகம். ஐம்பத்தொன்பது வரிகள். ஒவ்வொரு வரியிலும் பழைய எண், புது எண், மாற்றிய நேரம். 212 இருந்தது 6,118 ஆனது. 209 இருந்தது 6,305 ஆனது. கண்ணாடியை மறந்து இரண்டு தடவை மாடி ஏறிய நாளில் 430. அதுதான் என் உச்சபட்ச சாதனை. கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம். "சட்டையில் வியர்வை இல்லை." "முதுகில் சுண்ணாம்பு." "செருப்பு வாசலிலேயே இருந்தது, வெறுங்காலோடு நடந்தாராம்."

"இ... இது எப்படி?"

"டிரிக்கர்" என்றாள். "யாராவது எண்ணை மாத்தினா, பழைய எண் தானா போய் அந்த டேபிள்ல உட்கார்ந்துக்கும். எங்க நூலகத்துல வேண்டப்பட்டவங்களுக்குப் புத்தகம் திருப்பின தேதியை மாத்திட்டிருந்தாங்க. அதைப் பிடிக்கறதுக்குப் போன வருஷம் நான்தான் போட்டேன். ஒரு வாரம் உங்ககிட்ட சொன்னேனே. நீங்க 'ம்' சொன்னீங்களே."

"முதல் நாள் இதுல இல்லியே?" என்றேன். மூழ்குகிறவனுக்கு அது ஒன்றுதான் கையில் கிடைத்தது.

"ரெண்டாம் நாள்தான் போட்டேன். ஏதோ பூட்டியிருக்குன்னு வந்ததே, நான் போட்டுட்டிருந்த நேரம் அது. முதல் நாளை நீங்களே வச்சுக்கோங்க."

மச்சான் விசிலைத் தடவிக்கொண்டே கூரையைப் பார்த்தார்.

"உடனே சொல்லியிருக்கலாமே?" என்றேன் கோபமாக. பிடிபட்டவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

"சொன்னா ரெண்டு நாள் நடப்பீங்க. மூணாம் நாள் வேற புரோகிராம் எழுதுவீங்க." அவள் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "எனக்குப் பயமா இருக்குங்க. டாக்டர் சொன்னதுல இருந்து நிஜமாவே பயமா இருக்கு. இன்னிக்காவது நடந்திருப்பீங்கன்னு தினமும் அதைத் திறந்து பாப்பேன். தினமும் அந்த இருநூத்திப் பன்னிரண்டுதான்."

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"ஒண்ணு மட்டும் நல்லா பண்ணியிருந்தீங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த அஞ்சு நொடி. குறிப்பை நான் எழுதி முடிக்கற வரைக்கும் உங்க புரோகிராம் வாயை மூடிக்கிட்டுக் காத்திட்டிருந்தது. பதினெட்டு வருஷத்துல நான் முடிக்கற வரைக்கும் நீங்க காத்திருந்தது அப்பத்தான்."

மச்சான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குள் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் என் நெஞ்சில் கேட்டது. பிறகு கதவு கொஞ்சம் திறந்து தலை மட்டும் வெளியே வந்தது.

"நாளைக்குக் காலையில அஞ்சரை மாப்பிள்ளை. ஆறாயிரம். நான் பின்னாடியே வருவேன்." விசிலை ஒரு தடவை ஊதிக் காட்டினார்.

மத்தியானம் அவள் ஹால் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு வரி தட்டிவிட்டு நூலகத்துக்குப் போனாள். மச்சான் உறங்கினார். நான் சோபாவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். வெட்கமெல்லாம் அதற்குள் ஆறியிருந்தது. அறை போனது போகட்டும். அந்தச் "சந்தேகம்" டேபிளையாவது அழித்துவிட்டால் நாளைக்கு நாலு பேர் முன்னால் காட்ட அவளிடம் என்ன ஆதாரம் இருக்கும்? சுற்றும் முற்றும் பார்த்தேன். ஹால் கம்ப்யூட்டருக்குள் புகுந்தேன். அழி என்று தட்டினேன்.

அந்தப் பரமசாதுவான டேட்டாபேஸ் ஐந்து நொடிகூடக் காத்திருக்கவில்லை, இந்த வீட்டில் பதினெட்டு வருஷமாக எனக்கு இருக்கும் அதிகாரத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டது: "நீங்கள் படிக்கலாம், எழுத முடியாது."