பட்டனுக்குச் சட்டை தைத்த அக்கா

ஊவா மாகாணத்தில் எங்கள் பட்டனக்காவின் கத்தரிக்கோலுக்குப் பயப்படாத துணியே கிடையாது. திரைச்சீலை, தலையணை உறை, உத்தியோகத்தர்களின் கழுத்துப்பட்டி, எதுவானாலும் அக்கா ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

பண்டாரவளையில் ஒரு பார்மசியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண்கள் வாடகைக்குத் தங்கும் போடிங் ஒன்றில் அவரோடு ஒரே அறையில் ஐந்து வருடம் இருந்தேன். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். டவுனில் ஒரு தையற்கடையில் வேலை. நான் போனபோது அவருக்கு வயது முப்பத்தேழு. பெயர் என்று ஒன்று இருந்தது. அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

தையற்கடை வேலை சோற்றுக்கு. அக்காவின் உண்மையான தொழில் நகை செய்வது. ரிப்பன்களைப் பாய் முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பட்டையாக்குவார். பழைய பட்டன் ஒன்றை எடுத்து, அதைவிடப் பெரிய வட்டமாகத் துணி வெட்டி, ஓரத்தில் நூலோட்டி, பட்டனை நடுவில் வைத்து நூலை இழுப்பார். துணி சுருங்கிப் பட்டனைக் கவ்விக்கொள்ளும். ரிப்பன் பட்டையில் அப்படிப் பத்துப் பட்டன்களை வைத்துத் தைத்தால் அட்டியல். ஒற்றைப் பட்டனில் கொக்கி வைத்தால் தோடு.

"எல்லாரும் சட்டைக்குப் பட்டன் தைப்பாங்க. நான் பட்டனுக்குச் சட்டை தைக்கிறேன்" என்பார். சொல்லிவிட்டு யாராவது சிரிக்கிறார்களா என்று பார்ப்பார். சிரிக்காவிட்டால் மறுபடியும் சொல்வார்.

போடிங் நடத்திய அம்மா ஒருநாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்த அக்கா, "நல்லா இருக்குங்கம்மா. எப்பக் கிழியும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த அம்மா எங்கள் அறைப் பக்கம் வரும்போது முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் வருவார்.

அக்கா பிறந்த தோட்டத்தில் ஒருமுறை புதிய பிள்ளைக்காம்பரா திறந்தார்கள். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். வாசலில் நல்ல அகலமான சிவப்பு ரிப்பன். அவர் கத்தரிக்கோலைத் தூக்கியதும் கூட்டத்தின் முன்னாலிருந்து ஒரு குரல்:

"ஐயா, ஐயா! நடுவுல வெட்டிறாதீங்க! ஓரத்துல வெட்டுங்க, நீளமாக் கெடைக்கும்!"

அவர் மிரண்டுபோய் ஓரத்திலேயே வெட்டினார். அன்று எடுத்த படத்தில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் குனிந்து ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருப்பார். அடுத்த வாரமே அது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் கையில் வளையலாக ஏறியது. "ஒருநாள் தெறந்தவருக்கு மால போட்டாங்க. தெனமும் தெறக்குற கைக்கு ஒண்ணும் வேணாமா?" என்றார் அக்கா.

இப்படிப்பட்டவருக்கு நாற்பத்தொரு வயதில் காதல் வந்தது. அப்புத்தளையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி டிரைவர் ஒருவர், சட்டையில் ஒரு பட்டன் போய்விட்டதென்று தையற்கடைக்கு வந்தார். அக்கா மிச்சமிருந்த பட்டன்களையும் கழற்றிவிட்டு, ஆறுக்கும் பூப்போட்ட துணி சுற்றித் தைத்துக் கொடுத்தார். சண்டைக்கு வருவார் என்று கடையே காத்திருந்தது. மனிதர் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார். மறுநாள் இன்னும் இரண்டு சட்டைகளோடு வந்தார். அந்த இரண்டிலும் பட்டனெல்லாம் பத்திரமாகவே இருந்தன.

கல்யாணம் பதுளையில், ஒரு கோயிலில். தாலியைத் தவிரப் பொட்டுத் தங்கம் கிடையாது, எல்லாம் தன் கையால் செய்ததுதான் என்று அக்கா முன்னமே சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குச் சம்மதம். சம்மதிக்காதவர் மாப்பிள்ளையின் அக்கா. தாயில்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர் அவர்தான். கல்யாணத்தன்று காலை ஒரு சிவப்பு நகைப்பெட்டியோடு மணப்பெண் அறைக்குள் நுழைந்தார்.

"இதப் போட்டுக்க. சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டுங்க மதினி. கல்யாண வீடுதானே."

"வெளையாடாத. இந்தத் துணியோட நீ மணவறையில ஒக்காந்தா நான் மூணாவது முடிச்சுப் போட மாட்டேன்."

மூன்றாவது முடிச்சு நாத்தனாரின் உரிமை. இருப்பது ஒரே நாத்தனார். அக்கா என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். எதற்கும் அசராத மனுஷியை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பிறகு அவர் மெதுவாக எழுந்து, தன் கழுத்து அட்டியலைக் கையால் தூக்கிக் காட்டினார்.

"இந்த மஞ்சப் பட்டன் எங்கம்மா கொழுந்து பறிச்ச சேல. இது அப்பாவோட தலப்பாத் துண்டு. இந்த ஊதா, எங்கூட ரூம்ல இருக்காளே, இவ மொத மொத வேலைக்குப் போனப்பக் கட்டுனது. நடுவுல இருக்குற பெரிய பட்டன் யாருதுன்னு நீங்களே பாருங்க."

ஊதாச் சேலை எனக்கே புதுச் செய்தி. வண்ணான் தொலைத்துவிட்டான் என்று ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கேட்க முடியுமா?

நாத்தனார் குனிந்து பார்த்தார். இலைப் பச்சையில் சிறிய வெள்ளைக் கட்டம். "இது..." என்றார். "இது எங்கம்மா சேல."

"உங்க தம்பி குடுத்தாரு. அவங்களும் மணவறையில இருக்கணும்னு ஆசப்பட்டாரு."

"பாவி, அம்மா சேலைய வெட்டிட்டியா!"

"ஓரத்துல ஒரு வட்டந்தான் மதினி. மிச்சம் முழுசும் பெட்டியில இருக்கு. உங்களுக்குன்னுதான் மடிச்சு வச்சிருக்கேன்."

நாத்தனார் அந்தப் பட்டனைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றார். பிறகு நகைப்பெட்டியை மூடி என்னிடம் நீட்டி, "இத வச்சுக்கம்மா, எனக்குக் கைல வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு, அக்காவின் நெற்றிச்சுட்டியை நேராக்கினார்.

மூன்றாவது முடிச்சை அவர் போட்ட வேகத்தில் ஐயரே பதறி, "போதும்மா, பொண்ணு மூச்சு விடணும்" என்றார். வந்த பெண்கள் பந்திக்குப் போகவில்லை. ஒட்டியாணத்தில் தங்கள் சேலையைத் தேடிக்கொண்டு மணவறையை மொய்த்தார்கள். "ஏய், இது என் தலதீபாவளிச் சேலடீ!" என்று ஒருத்தி கத்தினாள். பாதிப்பேருக்குத் தங்கள் துணி காணாமற்போன மர்மம் அன்றுதான் துலங்கியது. ஒருவரும் கோபப்படவில்லை. நாற்பது வீட்டுச் சேலைகளைச் சூடிக்கொண்டு, ஒரு தோட்டத்தையே கழுத்திலும் கையிலும் இடுப்பிலும் அணிந்தவராக அக்கா தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவர் அப்புத்தளையில் இருக்கிறார். அவரும் நாத்தனாருமாகப் பட்டன் சுற்றுகிறார்கள் என்று கேள்வி. போன மாதம் ஒரு விருந்தில், பெரிய இடத்துப் பெண்மணி ஒருவர் என் கழுத்திலிருந்த பட்டன் அட்டியலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

"கடையில இல்லைங்க, எங்க அக்கா செஞ்சது" என்றேன்.

என்கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மூவரும் தம்பிகள்.