லண்டன் அண்ணாச்சியின் தனி அடுப்பு

கப்பல் ஏறாமலே இங்கிலாந்தை நடத்தியவர் உலகத்தில் ஒருவர்தான்; அவர் தாராவியில் எங்கள் சந்தில் இருந்தார். நாலைந்து பேரை மிஷினில் உட்காரவைத்துத் தோல்பை தைத்து லண்டனில் ஒரு கடைக்கு அனுப்புவார். அதனால் லண்டன் அண்ணாச்சி. சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

இங்கிலாந்து ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு விலகியதும் சந்துக்கே ஜிலேபி கொடுத்தார். “இனிமே அவன் யாரையும் கேக்க வேண்டாம் வே. நம்மகூட நேரா ஒப்பந்தம் போடுவான், வரி குறையும். நம்ம பைக்கு ராஜயோகம்!”

யோகம் வரவில்லை. அந்தக் கடைக்காரர் நம் பைகளைப் பிரான்சுக்கும் விற்பவர். எல்லையில் புதிதாகச் சோதனை, கத்தை கத்தையாகக் காகிதம். ஆர்டர் நின்றது. தையல் மிஷின்கள் உறை போர்த்தித் தூங்கின; அண்ணாச்சி கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டார்.

“விலகினவன் கெட்டுப்போவ மாட்டான். நான் காட்டுதேன் பாரும்” என்று, எங்கள் சந்துப் பொங்கலிலிருந்து தானும் விலகினார்!

நாங்கள் சேர்ந்து டெம்போ பிடித்து, வாஷி மார்க்கெட்டில் கரும்பும் விறகும் வாங்குவோம். ரோட்டில் அடுப்புகளை ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாக வைப்போம். அண்ணாச்சி தனியாகப் போனார். கரும்பு அருமை, பொய் சொல்லக் கூடாது. அவரே பார்த்துப் பார்த்து எடுத்தது. ஆனால் கட்டைப் பிரித்துத் தர முடியாது என்றுவிட்டார்களாம். ஒரு முழுக் கட்டோடு, தனி டெம்போவில் மகாராஜா மாதிரி வந்து இறங்கினார்.

பொங்கலன்று காலை, பனியும் புகையும் கலந்து தாராவியே மேகத்தில் மிதந்தது. எங்கள் அடுப்புகள் ஒன்றுக்கொன்று காற்றை மறைத்துக்கொண்டன. ரோட்டின் எதிர்ப்பக்கம் தனியாக நின்ற அவர் அடுப்பு பற்றுவதும் அணைவதுமாக இருந்தது.

“கரும்பைக் கடிச்சிட்டே நில்லுங்க. பானை குளுந்து கெடக்கு” என்றார் அவர் மனைவி.

அண்ணாச்சி மெல்ல எங்களிடம் வந்தார். “தங்கச்சி, கொஞ்சம் கங்கு தா.”

என் மனைவி கரண்டியால் மறித்தாள். “பாஸ்போர்ட் எங்க அண்ணாச்சி?”

சந்தே சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. புகையாம்.

நாலு பேர் போய்ப் பானையையும் அடுப்பையும் தூக்கி வந்து வரிசை நடுவில் வைத்தோம். அவர் கரும்பு வீட்டுக்கு வீடு போயிற்று. பால் பொங்கி வழிந்தபோது என் காதோரம் சொன்னார்: “நான் தோத்தா தோத்துட்டுப் போறேன் வே. மிஷின்ல உக்காந்தவன் புள்ளகுட்டிக்காரன்லா.”

பிறகு கோயிலுக்குப் போனேன். எனக்கென்று கேட்க எதுவும் தோன்றவில்லை. “பிள்ளையாரப்பா, அந்த லண்டன் கடையில் பையெல்லாம் சீக்கிரம் விற்றுத் தீரட்டும்” என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.