மூன்று டின் பரீட்சை

இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தன் சொந்த வீட்டில் பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று பெயிண்டர் ஹாலிஸ் தீர்மானம் செய்திருந்தான். டிசம்பர் பிறந்துவிட்டால் டிரினிடாடில் பெயிண்ட் வாடை வராத வீடே கிடையாது. அரிமா ஊர்ச் சுவர் முக்கால்வாசியில் அவன்தான் தொங்கிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்க வேண்டாமா? இதை மனைவி யூலாலியிடம் நேராகச் சொல்லத்தான் தைரியம் இல்லை. ஆகவே தொழிலைத் துணைக்கு அழைத்தான்.

“நம்ம வீட்டுக்கு எந்தக் கம்பெனி பெயிண்ட்டுன்னு இன்னும் முடிவாகல, யூலா. கிளி மார்க் வெறும் தண்ணி. மூணு தடவ அடிச்சாலும் பழைய சுவர் எட்டிப் பார்க்கும். கப்பல் மார்க் நல்லா மூடும், ஆனா பிரஷ்ஷப் பிடிச்சு இழுக்கும், தோள்பட்டை கழண்டுடும். சூரியன் மார்க் வெண்ணெயாட்டம் போகும், ஒரே வருஷத்துல மாவா உதிரும். மூணையும் அடிச்சு, ஒரு மழைக்காலம் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்.”

“அப்போ அடுத்த வருஷமா?”

“தொழில்னா பொறுமை வேணும்.”

“டொபேகோலேர்ந்து எங்கக்கா வர்றா. பாசி புடிச்ச சுவரையே பாத்துட்டுப் போகட்டும்” என்றாள் யூலாலி, சாந்தமாக.

ஞாயிறு காலை வாசலில் மூன்று பெரிய டின்கள் இருந்தன. மூன்றும் மாம்பழ மஞ்சள். சுற்றிலும் செய்தித்தாள் ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தது.

“டின் மேல இருக்கற மார்க் படத்தப் பாத்தா பாரபட்சம் வந்துடும். பாக்காம எது எதுன்னு சொல்லிடுவியா?” என்றாள் யூலாலி.

“என்னையா கேக்கற? மோந்து பாத்தே சொல்வேன்!”

“தப்பாச் சொன்னா?”

“வீட்டுக்குள்ளயும் நானே அடிக்கறேன், கூரை வரைக்கும்!”

முன்சுவரில் கையகலத்துக்கு மூன்று பட்டை அடித்துவிட்டுப் பிரஷ்ஷைக் கீழே வைக்கப் போனான்.

“இங்க வெயிலே படாதே, ஹாலிஸ். கிழக்குச் சுவர்ல அடிச்சாத்தானே தெரியும்?”

நியாயம்தான். அடித்தான்.

“சாரல் அடிக்கறது பின்பக்கம் இல்லையா?”

அதுவும் நியாயம்தான்.

“இத்தனூண்டு அடிச்சா மூடுதா இல்லையான்னு எப்படிப்பா தெரியும்?”

இருபது வருஷத் தொழில்காரன் ஆயிற்றே, பட்டையை அகலமாக்கிக்கொண்டே போனான். சின்ன வீடு வேறு. பொழுது சாய்வதற்குள் எல்லாச் சுவரும் மஞ்சளாகிவிட்டது. தெருவில் போய் நின்று பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

“அடிப்பாவி! முழு வீட்டையும் முடிச்சுட்டேனே!”

“பரீட்சை முடியலயே. ம், சொல்லு.”

மானத்தையாவது காப்பாற்றியாக வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “ஒண்ணு கிளி. தண்ணின்னா தண்ணி, குடிக்கலாம். ரெண்டு கப்பல். என் தோள்பட்டையே சாட்சி. மூணு சூரியன். சந்தேகமே இல்ல.”

யூலாலி ஒவ்வொரு டின்னாகக் காகிதத்தைக் கிழித்தாள். கிளி. கிளி. கிளி.

“உள்ள அடிக்கறதுக்கு இன்னொரு டின் கட்டிலுக்கு அடியில இருக்கு” என்றாள். “அதுக்குப் பேப்பர் ஒட்டல.”